சிவப்பு டின்னில் இருந்தது

4ஆம் தேதி, செவ்வாய்

அன்புள்ள உனக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் உன் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்கா கைத்தடி இல்லாமல் சமையலறை வரை நடந்துவிட்டார்கள் என்று போனில் சொன்னாயே, கேட்க நிம்மதியாக இருந்தது. இடுப்பெலும்பு கதவுக் கீல் மாதிரி. பழுது பார்த்த பிறகும் சில நாள் கிறீச்சிடும். அவசரப்படுத்தாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் தொண்டை வற்றப் பேசியவனுக்குப் போனில் பேச்சு வருவதில்லை. மூன்று வாரத்துக்கு முன் நீ கேட்டபோதும் அப்படித்தான் ஆயிற்று. "அக்கா தனியா இருக்கப் பயப்படுறா. கொஞ்சம் பெரிய வீடாப் பார்த்து என்னை இங்கேயே இருந்துடச் சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?" என்றாய். "உன் இஷ்டம்" என்றேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

தெருவே என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறது. பள்ளிக்கூடத்தில் நீயும் அப்படித்தான் கூப்பிட்டாய். ஆனால் வீட்டுக்குள் நீ என்னை சார் என்றால் கோபம் என்று பொருள். இதில் கோபம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. உன் விருப்பத்துக்கு விட்டேன், அவ்வளவுதான். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சமைக்கத் தெரியும், துணி துவைக்க இயந்திரம் இருக்கிறது, படிக்கப் புத்தகம் இருக்கிறது. என்னை நினைத்து நீ எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

நீ நிரப்பி வைத்துவிட்டுப் போன மூன்று டின் காபித்தூளும் சரியாக மூன்று மாதம் வந்தது. பரிசோதனைக்கூடத்தில் அமிலம் அளந்து கொடுத்த கை அல்லவா, ஒரு கரண்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசிக் கரண்டி போட்ட மறுநாள், நீ திரும்பி வருவதாக இருந்த நாள். நீ வரவில்லை, போன்தான் வந்தது. பெரிய கடைக்குப் போய் அதே சிவப்பு டின் ஒன்று வாங்கி வந்துவிட்டேன். இத்தனை வருடம் கடைக்குப் போனது நீதான் என்றாலும், டின்னின் நிறம் கூடவா எனக்குத் தெரியாது?

தூக்கம் மட்டும் கொஞ்சம் பிசகியிருக்கிறது. படுத்தால் இரண்டு மணி, மூன்று மணி வரை கண்ணை மூட முடிவதில்லை. நீ போன் செய்த அந்த வாரத்திலிருந்துதான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அறுபத்து நான்கு வயதுக்குத் தூக்கம் குறைவது இயல்பு. கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் "என்ன சார், விடிய விடிய லைட் எரியுது, எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அக்காவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
குறை ஒன்றும் இல்லாத உன் கணவன்


12ஆம் தேதி, புதன்

அன்பானவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மொத்தம் ஐந்து வரி. மாதக் கடைசிக்குள் புது வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு வரி. அக்கா நலம் என்று ஒரு வரி. மற்ற இரண்டு வரியும் காபித்தூளைப் பற்றி. பெரிய கடையில் வாங்க வேண்டாம், பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அரவைக் கடைக்குப் போங்கள், நான் அனுப்பியதாகச் சொல்லுங்கள், அவர் தருவார் என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கே குடியிருப்பது என்ற பெரிய பேச்சு நடக்கும்போது காபித்தூளுக்கா இரண்டு வரி? அதுவும் சிவப்பு டின், இதுவும் சிவப்பு டின். உன் அரவைக் கடையில் கொஞ்சம் மட்டமான தூள் என்று நினைக்கிறேன், பெரிய கடைத்தூள் நல்ல தூக்கலாக இருக்கிறது.

தூக்கம் இன்னும் சரியாகவில்லை என்று தெருமுனை டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண், பொறுமையாகக் கேட்டார். மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால் வீட்டுப்பாடம் கொடுத்தார். "நீங்க குடிக்கிறது எல்லாத்தையும் ரெண்டு நாள் எழுதிட்டு வாங்க சார். தண்ணியையும் சேர்த்து." எழுதினேன். எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. காலையில் டீ. பதினொரு மணிக்கு டீ. நான்கு மணிக்கு டீக்கடையில் ஒன்று, அங்கேயே ஐந்தரைக்கு இன்னொன்று. அந்த இரண்டும் டீக்காக இல்லை, கடையில் நான்கு பேர் இருப்பார்கள் என்பதற்காக. ஒரு டீயோடு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? தண்ணீர் என்று பார்த்தால் நாள் முழுக்க மூன்று தம்ளர். நீ மேஜையில் வைக்கும் அளவு ஜாடி, மதியத்துக்குள் இந்தக் கோடு, சாயங்காலத்துக்குள் அந்தக் கோடு என்று சிவப்புப் பென்சிலால் கீறி வைத்தாயே, அது தூசி படிந்து கிடந்தது. கழுவி எடுத்து வைத்திருக்கிறேன்.

ராத்திரி ஒன்பது மணிக் காபியையும் எழுதியிருந்தேன். டாக்டர் அதைத்தான் முதலில் வட்டமிட்டார். நான் விடவில்லை. "பதினோரு வருஷமா ஒன்பது மணிக்குக் குடிச்சிட்டுப் பத்து மணிக்குத் தூங்குறவன் நான். காபி என்னை ஒண்ணும் பண்ணாது. இதை வகுப்பிலேயே உதாரணமாச் சொல்லியிருக்கேன்" என்றேன். பதினோரு வருடம் ஒத்து வந்தது திடீரென்று ஒத்து வராமல் போகுமா என்று கேட்டேன். வயதானால் உடம்பு அதை வெளியேற்ற அதிக நேரம் எடுக்கும் என்றார். சாயங்கால டீ இரண்டையும் நிறுத்திப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். காபியை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீயை நிறுத்தி ஐந்து நாளாகிறது. இம்மியும் மாற்றமில்லை. டீக்கடைக்குப் போவது நின்றதுதான் மிச்சம்.

தையல்காரர் ஒரு யோசனை சொன்னார். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. சின்ன பாட்டிலில் கொஞ்சம் கொடுத்து, "மருந்து மாதிரி ரெண்டே மூடி சார், குழந்தை மாதிரி தூங்குவீங்க" என்றார். ஒரே ஒரு நாள் குடித்தேன். குழந்தை மாதிரிதான் தூங்கினேன். பத்து மணிக்குத் தூங்கி, குழந்தை மாதிரியே இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டேன். நாக்கு வறண்டு, நெஞ்சு படபடத்து, விடியும் வரை புரண்டேன். மறுநாள் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

மாதக் கடைசி பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. முன்பு சொன்னதுதான்.

இப்படிக்கு,
உன் கணவன்


25ஆம் தேதி, செவ்வாய்

என் அன்புக்குரியவளுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இருபத்தெட்டாம் தேதி உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். நீ வீட்டுக்காரருக்குப் பதில் சொல்வதற்குள் இதைப் படித்துவிடு. முன்பு எழுதிய இரண்டையும் மடித்து வைத்துவிடு. அவற்றில் தப்பு நிறைய இருக்கிறது.

பதினான்காம் தேதி டின் தீர்ந்தது. பெரிய கடையில் சிவப்பு டின் இல்லை. அன்றைக்கு மழை வேறு, சுற்றி அலைய முடியவில்லை. பாலத்தடியில் ஒதுங்கினேன், எதிரிலேயே உன் அரவைக் கடை. நீ அனுப்பியதாகச் சொன்னேன். கடைக்காரர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "லேப் அம்மா வீட்டு சாரா? வாங்க வாங்க. அந்த சார் நீங்கதானா?" என்றார். 'அந்த சார்' என்றதில் ஏதோ இருந்தது, அப்போது பிடிபடவில்லை. "அம்மா எப்பவும் வாங்குறதுதானே?" என்று கேட்டுவிட்டு, மேல் தட்டிலிருந்து தனியாக ஒரு பொட்டலத்தை எடுத்தார். பொட்டலத்தின் மேல் 'காஃபின் நீக்கியது' என்று அச்சடித்திருந்தது.

நான் சிரித்துக்கொண்டே, எங்கள் வீட்டில் இது வாங்குவதில்லை, தவறுதலாக எடுக்கிறீர்கள் என்றேன். அவர் கையை நிறுத்தினார். "பதினோரு வருஷமா நான்தானே சார் போட்டுக் கொடுக்கிறேன். வீட்டுலேருந்து சிவப்பு டின்னை எடுத்துட்டு வருவாங்க, இங்கேயே கொட்டச் சொல்வாங்க, காலிப் பொட்டலத்தை இந்தக் கூடையிலே போட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரு நாளாவது உறையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் உளறிட்டேனா சார்?" என்று கேட்டார். இல்லை, சரியாகத்தான் சொன்னீர்கள் என்றேன். மழை நிற்கும் வரை அங்கேயே ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு வருடம் என்றதும் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. நான் பரீட்சைப் பொறுப்பாளராக இருந்த வருடம் அது. தூக்கமில்லாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பேன். நீ வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாய், நான் காதில் வாங்கவில்லை. ஒரு நாள் ஆசிரியர் அறையில், குடுவைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "சார், ராத்திரி காபியை விட்டுடுங்க, அதுதான் உங்களைத் தூங்க விடல" என்றாய். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். "சோதனைக்குழாய் கழுவுறவங்க எனக்கு வேதியியல் சொல்லித் தர வேண்டாம்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நீ பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டிலும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டாய். காபியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த மாதத்திலேயே எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது. "பார்த்தாயா, காபி குடித்துக்கொண்டேதான் தூங்குகிறேன்" என்று உன்னிடமே பெருமை அடித்தேன். நீ "ஆமா" என்றாய்.

எத்தனை வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? என்னையே சாட்சியாக நிறுத்தி, காபி தூக்கத்தைக் கெடுக்கும் என்பது மனப்பிரமை, உடம்பு பழகிவிடும் என்று. நீயோ பக்கத்து அறையில் ஒவ்வொரு புட்டியாக எடுத்து, மேலே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவை உப்புப் புட்டியில் வேறு எதையோ மாற்றிக் கொட்டிய ஆசிரியரை, தலைமையாசிரியர் வரை கொண்டுபோய் நிறுத்தியவள் நீ. உன் முப்பது வருட வேலையில் லேபிளும் சரக்கும் மாறி இருந்த ஒரே டின், நம் சமையலறையில் எனக்காக இருந்தது.

தையல்காரரிடமும் போய்ச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் ராத்திரி பத்து மணிக்குக் காபி குடித்துவிட்டு இயந்திரத்தில் உட்காருகிறார். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே கேட்டவர், ஊசியை எடுத்துவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா நீங்க தூங்கினீங்க, உங்களுக்குப் பதிலா நான் முழிச்சிட்டு இருந்தேனா சார்?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவருக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். "என் சம்சாரம் இந்த மாதிரி எதையும் எனக்குக் கொட்டி வைக்கலையே" என்று அதற்கும் ஒரு பெருமூச்சு விட்டார்.

இப்போது நான் செய்த சோதனையைக் கேள். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு மாற்றம் நடந்தது. தூள் மாறியது. நீ வரமாட்டாய் என்று ஆனது. இரண்டு ஒன்றாக மாறினால் எதனால் என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாது, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று நானே ஆயிரம் தடவை பாடம் எடுத்திருக்கிறேன். அதனால் தூளை மட்டும் மாற்றினேன். அதே ஒன்பது மணி, அதே கோப்பை, அதே படுக்கை. நீ அங்கேயேதான் இருந்தாய்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் பன்னிரண்டுக்குத் தூங்கினேன். ஆறாம் நாள் பத்தரைக்குப் படுத்தவன் காலை ஆறு மணிக்குத்தான் விழித்தேன். அதிலிருந்து தினமும் அப்படித்தான். டாக்டரிடம் போய் என் தவறை ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை, ஒரு உதாரணம் சொன்னார், நான் சொல்லியிருக்க வேண்டியது. தூக்கத்தைக் கெடுக்கும் காஃபின் விருந்தாளிகள் ஒன்பது மணிக்குப் பத்து பேர் வந்தால், நம் வயதில் மூன்று மணிக்கும் ஐந்து பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்களாம். வீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க யார் தூங்குவது? இந்தத் தூளிலும் ஒன்றிரண்டு பேர் வருவார்களாம், ஆனால் சத்தம் போடாதவர்கள். தண்ணீரும் உன் கோடுகளின்படி குடிக்கிறேன். தலைவலி போய்விட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

ஆக, தூக்கம் போனதற்குக் காரணம் தூள்தான். நீ இல்லாதது இல்லை. இது தெளிவாக நிரூபணமாகிவிட்டது. என் தூக்கத்துக்காக நீ திரும்பி வர வேண்டியதில்லை.

இங்கேதான் என் கணக்கு உதைக்கிறது. தூக்கம் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். சோறு இறங்காதது, புத்தகத்தில் ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிப்பது, காரணமில்லாமல் டீக்கடையில் போய் உட்காருவது எல்லாம் தூக்கமில்லாத களைப்பு என்றுதான் எழுதி வைத்திருந்தேன். இப்போது களைப்பு இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த கண்ணோடு பார்க்கும்போது வீடு இன்னும் காலியாகத் தெரிகிறது. நேற்று காலை செய்தித்தாளில் ஒரு செய்தியை வாய்விட்டுப் படித்துவிட்டு நிறுத்தினேன். நீ அடுப்படியிலிருந்து 'ம்' என்பாயே, அதற்காகத்தான் நிறுத்தினேன் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த செய்திக்குப் போக முடியவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன். மிச்சம் இருக்கும் இதற்குக் காரணம் எது என்று எனக்குத் தெரியும். சோதனைக்குழாய் கழுவத் தெரியாதவனுக்கும் தெரியும்.

அன்று ஆறு பேர் முன்னால் சொன்னதற்குப் பதினோரு வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஆறு பேரில் இப்போது எனக்கு முகவரி தெரிந்தவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் தனித்தனியாக எழுதி, காபி விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று தெரிவித்துவிட்டேன். சிரித்த இருவரும் அந்த நால்வரில் இருக்கிறார்கள்.

டின்னில் பழைய லேபிளைச் சுரண்டிவிட்டு, உள்ளே இருப்பதை என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். கோணலாக இருக்கிறது. இன்னொரு லேபிளும் மாற்ற வேண்டியிருக்கிறது, அதை நீதான் பார்க்க வேண்டும். போனில் நான் சொன்ன 'உன் இஷ்டம்' என்பது மேலே ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது வேறு. எதையும் திறந்து பார்க்காமல் அலமாரியில் வைக்காதவள் நீ. இதை மட்டும் ஏன் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாய்?

அக்காவைத் தனியாக விட மனமில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது. நம் வீட்டில் கிழக்குப் பக்கத்து அறை சும்மாதான் கிடக்கிறது. புத்தகங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். கழிவறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்த ஆளிடம் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு இந்த ஊர் வேண்டாம் என்றால், நான் அங்கே வந்துவிடுகிறேன். அந்தப் பெரிய வீட்டில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போட இடம் இருக்குமா என்று வீட்டுக்காரரிடம் கேள். எனக்கு எந்த ஊராக இருந்தாலும் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள். அக்காவுக்கு மாலையில் டீயைக் குறைத்து, பகலில் தண்ணீர் அதிகம் கொடு. நீயும் குடி, மற்றவர்களுக்குக் கோடு போட்டுவிட்டு உனக்கு மறந்துவிடுவாய்.

முடிவைச் சொல்ல முப்பதாம் தேதி நீ போன் செய்வாய். எனக்குப் போனில் பேச வராது என்று சொன்னேன், அன்றைக்கும் வராமல் போகலாம். அதனால்தான் எல்லாவற்றையும் இதில் எழுதிவிட்டேன். நீ என்ன முடிவு செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். எதைச் சொன்னாலும், முடிக்கும்போது 'சார்' என்று மட்டும் சொல்லாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன்னவன்